செங்கேணியைப் பார்க்க வந்த வகுப்பு

செங்கேணிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வரப்பில் ஒரு வளையைப் பார்த்தாலே உள்ளே எலி இருக்கிறதா, ஓடிவிட்டதா என்று சொல்லிவிடுவாள். திருமுக்கூடலுக்கு அருகே ஆற்றோரமாகப் பதினோரு இருளர் குடும்பங்கள். அதில் ஒன்று அவளுடையது. அறுவடை சமயத்தில் எலி பிடிக்க விவசாயிகள் அவளைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற மாதங்களில் செங்கல் சூளை வேலை. கணவன் இறந்த பிறகும் மகள் வளர்மதியை மட்டும் அவள் சூளைப் பக்கம் விடவில்லை. பெண் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள்.

வகுப்பாசிரியர் கலைச்செல்வன் நல்ல மனிதர். வளர்மதியின் சாதிச் சான்றிதழுக்காக மூன்று முறை மனு எழுதிக் கொடுத்து, ஆபீசுக்கும் கூடவே அலைந்தவர். அவர்தான் ஒருநாள் வந்து கேட்டார்.

"பசங்கள களப்பயணம் கூட்டினு வர்றேம்மா. மூணு ஆறும் சேர்ற எடத்தப் பாத்துட்டு இங்க வருவோம். நீங்க எலி புடிக்கிறத கொஞ்சம் காட்டணும்."

அவர் கேட்டு எப்படி மறுப்பது? செங்கேணி சரி என்றாள்.

அன்று காலை தலை பின்னிக்கொண்டே வளர்மதி சொன்னாள்: "ம்மா, நீ இன்னிக்கி எங்கனா போய்டு."

"சாராண்ட சொல்லிட்டேனேடி."

"நம்ம வூடு எங்க கீதுன்னு கிளாஸ்ல யாருக்கும் தெரியாது."

செங்கேணி மூலையிலிருந்த கடப்பாரையை எடுத்து வெளியே வைத்தாள். அதற்குள் பெண் போய்விட்டாள்.

பதினோரு மணிக்கு நாற்பது பிள்ளைகள் மணலில் இறங்கினார்கள். பாலாறு, செய்யாறு, வேகவதி என்று ஆசிரியர் கை நீட்டிக் காட்டினார். மூன்றிலும் சேர்த்து ஒரு வாய்க்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. பிறகு வயலுக்கு வந்தார்கள். செங்கேணி வரப்பை வெட்டி வளையின் கிளைகளைக் காட்டினாள். மகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"எலியத் துன்னுவீங்களா?" என்றான் ஒரு பையன். சிரிப்பு எழுந்தது.

ஆசிரியர் அவனை அதட்டினார். பிறகு பெருமையாகவே சொன்னார்: "வளர்மதி, முன்னாடி வா. உங்கம்மா இன்னா பண்றாங்கன்னு நீயே விளக்கிச் சொல்லு."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. வளர்மதி நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. எனக்கும் இந்தப் பொண்ணுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட நினைத்தாள் செங்கேணி. அதற்குள் எல்லோரும் இரண்டு முகங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டார்கள். கடப்பாரையைப் பிடித்தபடி நின்றாள். மகளைக் கூப்பிட்டுத் தேற்றவும் பயமாக இருந்தது. அது இன்னும் கேவலமாகிவிடுமோ என்று. வளர்மதியையும் சேர்த்துப் பிள்ளைகளை ஆசிரியர் எண்ணி ஏற்றியதும் பேருந்து போயிற்று.

எட்டு நாள் வளர்மதி பள்ளிக்குப் போகவில்லை. கலைச்செல்வன் வீட்டுக்கே வந்தார்.

"என் தப்புதாம்மா. எனக்குத் தெரியாமப் போச்சு."

"நீங்க நல்லதுக்குத்தான் சார் பண்ணீங்க."

உள்ளே இருந்த பெண் வெளியே வரவேயில்லை. கலைச்செல்வன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

தேர்வு தொடங்கியதும் வளர்மதி அவளாகவே பள்ளிக்குப் போனாள். இப்போதும் போகிறாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி மட்டும் வீட்டில் பேசுவதில்லை. போன வாரம் பெற்றோர் கூட்டத்துக்கான தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கைநாட்டு வெச்சுக் குடு. நீ வர வேணாம்."

செங்கேணி கட்டைவிரலில் மை தடவிக்கொண்டு, எந்த இடத்தில் என்று கேட்டாள்.