கொசுவலைக்கு வெளியே நடந்த சினிமா

நீல நிறக் கொசுவலை. அதற்குள் கட்டிலில் என் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். வலைக்கு வெளியே என் மதினி நிற்கிறார், தலையில் துண்டை முண்டாசாகக் கட்டி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. கருப்பு வெள்ளைப் படத்து வேலைக்காரன் மாதிரி காலை அகட்டி நடந்து, இல்லாத படியில் தடுக்கி, இல்லாத குடத்தைப் போட்டு உடைக்கிறார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. கஞ்சியை ஆற்றிக்கொண்டு பக்கத்தில் நின்ற எனக்கு அந்தக் காலைப்பொழுதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

நாங்கள் எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். மதினிக்குப் பிறந்த ஊர் மல்லாங்கிணறு. கல்யாணமாகி வந்த கொஞ்ச நாளிலேயே எங்களோடு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டார். செட் என்கிற வேலைக் கூடத்தில் நானும் அவரும் அடுத்தடுத்து உட்கார்ந்து சரவெடி பின்னுவோம். செல்போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ரேடியோ கிடையாது. கை ஓடும், பொழுது ஓடாது. அந்த செட்டுக்கு மதினிதான் சினிமா. கை சரம் பின்னிக்கொண்டே இருக்க, வாய் ஒரு முழுக் காமெடியையும் நடத்தி முடித்துவிடும். நாலு பேர் பேசுகிற காட்சி என்றால் நாலு குரல் வரும். வசனத்தில் ஒரு வார்த்தை பிசகாது.

ஒருநாள் போர்மேன் வாசலில் வந்து நின்று, "ஏம்மா, இது கம்பெனியா, சினிமாக் கொட்டகையா?" என்று சத்தம் போட்டார். மதினி தலை நிமிராமல், "கொட்டகைன்னா நீங்க டிக்கெட் எடுக்காம உள்ள வந்துட்டீகளே அண்ணாச்சி" என்றார். போர்மேன் திரும்பிப் போகும்போது அவர் தோள் குலுங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

சினிமாச் சிரிப்புக்கு ஒரு வரலாறு உண்டு என்பதே மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "பேச்சே இல்லாத படம் ஓடுன காலத்துல விழுறதும் ஓடுறதும்தான் சிரிப்பு. படம் பேச ஆரம்பிச்ச பெறகு, சிரிக்க வைக்கிறவுகளே பாடவும் செஞ்சாக. பாட்டுக்குள்ளயே புத்தியும் சொன்னாக" என்பார். அதன் பிறகு ஆணும் பெண்ணும் ஜோடியாகச் சண்டை போட்டுச் சிரிக்க வைத்த காலம். அப்புறம் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் காமெடியைத் தனியாக எடுத்து நடுவில் சேர்த்த காலம். அதை மட்டும் கேசட்டில் போட்டு, கல்யாண வீட்டு மைக்செட்டில் ஊரே கேட்டது. பிறகு அடிவாங்கியே சிரிக்க வைத்தவர்கள் வந்தார்கள். டிவியில் இந்திப் படம் ஓடினாலும் மதினி உட்கார்ந்து பார்ப்பார். "பாசை தெரியலைன்னா என்ன? தடுக்கி விட்டா எல்லா ஊருக்காரனும் ஒண்ணு போலத்தான விழுறான்."

அண்ணனுக்கு வெடிமருந்து அடைக்கும் ரூமில் வேலை. அங்கே சிரிப்புக்கு இடமில்லை. மருந்து செலுத்துகிற கை குலுங்கக் கூடாது என்பதால் யாரும் யாருக்கும் சிரிப்பு மூட்ட மாட்டார்கள். பகல் முழுக்க அடக்கி வைத்த சிரிப்பை அண்ணன் சாயங்காலம் பஸ்ஸில்தான் அவிழ்ப்பார். அவருக்கென்று மதினி ஒரு காட்சியை மிச்சம் வைத்திருப்பார். அண்ணன் வாயை அகலத் திறந்து சிரித்தால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார்.

ஒரு தீபாவளி சீசனில் அந்த ரூம் வெடித்தது. கூட வேலை பார்த்தவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். அண்ணனுக்கு முகம், கழுத்து, இரண்டு கையும் வெந்து போயின. மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்து உயிரோடு வீட்டுக்கு வந்தார். அனுப்பும்போது, பயிற்சி கொடுக்கும் டாக்டரம்மா மதினியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "தழும்பு காயக் காய வாய் சுருங்கிக்கிட்டே வரும். தினமும் வாயைத் திறந்து, கன்னத்தை இழுத்துப் பழகணும். விட்டுட்டா ஸ்பூன்கூட உள்ளே போகாது. பேச்சும் போயிடும்."

வீட்டுக்கு வந்த அண்ணன் வாயைத் திறக்கவே இல்லை. வலி ஒரு பக்கம். உயிரோடு இருப்பது எதற்கு என்ற நினைப்பு இன்னொரு பக்கம். கண்ணாடியை எடுத்துவிடச் சொல்லிக் கையைக் காட்டினார். கஞ்சியை உதட்டு ஓரத்தில் விட்டால் பாதி வழியும். நாளுக்கு நாள் அந்த வாய் சின்னதாகிக்கொண்டு வருவது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது. நான் விருதுநகர் மாரியம்மனை நினைத்து, "எங்க அண்ணன் வாயைத் தொறந்து குடு தாயே, பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்" என்று மஞ்சள் துணி முடிந்து வைத்தேன். மதினி முண்டாசு கட்டினார்.

தெருவில் போன ஒருத்தி எட்டிப் பார்த்து, "புருசன் வெந்து கெடக்கான், இவளுக்குக் கூத்து கேக்குது பாரேன்" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் கதவைச் சாத்தப் போனேன். "தொறந்தே வையி தாயி, அவளுக்கும் பொழுது போகட்டும்" என்றார் மதினி. சொல்லிவிட்டு முண்டாசை இன்னொரு சுற்று இறுக்கினார்.

விழுகிற சிரிப்பு, பாடுகிற சிரிப்பு, ஜோடிச் சண்டை, எல்லாம் நடந்தது. அண்ணன் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு ஒருநாள் மதினி பெண் பார்க்கும் காமெடி ஒன்றைச் சொன்னார். மாப்பிள்ளையோடு போன கூட்டாளி தட்டிலிருந்த பஜ்ஜி அத்தனையையும் தின்றுவிட்டு, "பஜ்ஜி பிடிச்சிருக்கு, பொண்ணைப் பத்தி நாளைக்குச் சொல்றோம்" என்பான். மதினி அதை மாற்றி, "பொண்ணு பிடிச்சிருக்கு, பஜ்ஜியைப் பத்தி நாளைக்குச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டார்.

வலைக்குள் அசைவு தெரிந்தது. அண்ணன் மெதுவாகத் திரும்பினார். "பஜ்ஜிய மொதல்ல சொல்லணும் புள்ள" என்றார்.

எத்தனையோ வாரம் கழித்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. உதட்டோரம் விரிந்து ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. நான் பதறிப் போனேன். மதினி வலையைத் தூக்கி, தேங்காயெண்ணெய் தொட்டு வைத்துவிட்டு வெளியே வந்து, அடுத்த காமெடியையும் தப்பாகவே ஆரம்பித்தார்.

"நெசமாவே மறந்துட்டீகளா மதினி?" என்று அடுப்படியில் கேட்டேன்.

"நெசமாத்தான். தூக்கமில்லாம கண்ணு சொக்குது, வாய் உளறிட்டு. ஆனா இனிமே மறக்குறதெல்லாம் வேணும்னுதான் மறப்பேன், பாத்துக்க."

சரம் பின்னும் செட்டில் ஒரு எழுத்துப் பிசகாத வாய். அதை அந்த நேரம் பார்த்துப் பிசக வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அம்மன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன்.

அதற்குப் பிறகு மதினி செய்த அக்கிரமம் கொஞ்சநஞ்சமில்லை. பாடிச் சிரிக்க வைத்த பழைய ஆளின் பாட்டைக் கலர்ப் பட ஆளின் வாயில் வைப்பார். ஜோடியைப் பிரித்து வேறு ஜோடியோடு சேர்ப்பார். "இவரு பாடவே மாட்டாரு புள்ள, அந்தப் பாட்டுக்காரரு இவருக்கு அப்பா காலத்து ஆளு!" என்று அண்ணன் வலைக்குள்ளிருந்து கத்துவார். சினிமாச் சிரிப்பின் வரலாறு முழுவதையும் மதினி கலைத்துப் போடப் போட, அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் வைத்தார். அதற்கு வாயை அகலத் திறக்க வேண்டியிருந்தது.

இப்போது காமெடி எல்லாம் போனில் அரை நிமிடம்தான். பார்த்துச் சிரித்து விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். நானும்தான் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பழைய ஆட்களின் முகம் வந்தால் என்னை அறியாமல் கை கும்பிடப் போகிறது. அவர்களில் பாதிப் பேர் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள். எங்கோ ஒரு விளக்கு வெளிச்சத்தில் நின்று தடுக்கி விழுந்தபோது, பட்டாசில் வெந்த ஒருவன் வாய் அதனால் திறக்கும் என்று நினைத்திருப்பார்களா? சாமி எந்த வேலையை எவர் கையில் கொடுத்து எந்தக் காலத்தில் முடிக்கிறது என்பது நம் புத்திக்கு எட்டுகிற விஷயமில்லை.

திரும்பவும் மதுரைக்குப் போனோம். டாக்டரம்மா அண்ணனின் வாயைத் திறக்கச் சொல்லி, விரல்களைச் சேர்த்து உள்ளே விட்டுப் பார்த்தார். போயின. "என்ன பயிற்சி செஞ்சீங்க?" என்றார்.

"இவ கதையைத் தப்புத் தப்பாச் சொல்லுவா டாக்டரம்மா. கேட்டுட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?" என்றார் அண்ணன்.

கன்னம் எப்படி இழுக்கிறது என்று பார்க்க டாக்டரம்மா ஒருமுறை நன்றாகச் சிரிக்கச் சொன்னார். "சும்மா சிரின்னா எப்படி வரும்?" என்று அண்ணன் மதினியைப் பார்த்தார். மதினி முந்தானையை டாக்டர் குழாய் மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டார். போலி டாக்டர் ஒருவன் நோயாளியின் கையை விட்டுவிட்டுத் தன் நாடியையே பிடித்துப் பார்த்து, "உயிருக்கு ஒண்ணும் பயமில்லை" என்று சொல்லும் பழைய காமெடி. இந்தத் தடவை மதினி ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. அண்ணனுக்குத் திருத்த ஒன்றுமே இல்லை. ஒரு பக்கக் கன்னம் முதலில் ஏறியது. தழும்பு இறுகிய மறுபக்கம் கொஞ்சம் தயங்கி, பிறகு அதுவும் ஏறியது. பஸ்ஸில் கேட்ட அதே சத்தம். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "வலிக்குதாங்க?" என்றார்.

"வலிக்கத்தான் செய்யுது. மிச்சத்தையும் சொல்லு புள்ள."