இரண்டு கணக்கும் சரிதான்

எழுபதுகளில் ஒருநாள், ஜெர்மனியின் ஆஹென் நகர அலுவலக நடையில் என் பக்கத்தில் ஒரு யூதர் உட்கார்ந்திருந்தார். வட்டக் குல்லா, நரைத்த தாடி. கையிலிருந்த புத்தகத்தோடு சண்டை போடுவதுபோல் முணுமுணுத்துப் படித்தார். என் நர்ஸ் உடையையும் கண்ணீரையும் பார்த்து, "என்ன சிஸ்டர்?" என்றார்.

ஊரில் நான் முடித்த நர்ஸ் பயிற்சி ஒரு சான்றிதழில் மூன்று வருடம், இன்னொன்றில் மூன்றரை. ஒன்று பொய், ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அதிகாரி சொல்லிவிட்டதைச் சொன்னேன்.

"எங்க வேதத்துலயும் அப்படித்தான். எங்க ஜனம் அந்நிய தேசத்துல இருந்தது ஓரிடத்துல நானூறு வருஷம், இன்னோரிடத்துல நானூத்தி முப்பது. எங்க பழைய பண்டிதருங்க எதையும் பொய்னு சொல்லலையே! ஆபிரகாமுக்குக் கடவுள் வாக்குக் கொடுத்ததுலேருந்து எண்ணினா நானூத்தி முப்பது, மகன் ஈசாக்கு பிறந்ததுலேருந்து எண்ணினா நானூறுன்னாங்க. உங்களுக்கு எங்கேருந்து எண்ணியிருக்காங்க?"

அப்போதுதான் விளங்கியது. விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து மூன்றரை. ஆறு மாதம் கழித்து நர்ஸ் தொப்பி அணிவித்த நாளிலிருந்து மூன்று!

வாய் திறக்கவே கூசுகிற நான் மறுபடி உள்ளே போய், தேதிகளைக் காட்டி உரக்கப் பேசினேன். அதிகாரி முத்திரை குத்தினார்.

வெளியே வந்து சொன்னதும் அந்த யூதர் எழுந்து கைதட்டினார்.

"ஜெயிச்சுட்டாங்க சிஸ்டர், எங்க பண்டிதருங்க மறுபடி ஜெயிச்சுட்டாங்க!"

என் பெயரைக்கூட அவர் கேட்கவில்லை. எனக்காக மகிழ்ந்தாரா, அவர்களுக்காகவா என்று இன்றும் தெரியாது. நடையிலிருந்த அத்தனை பேரும் பார்க்க, நானும் சேர்ந்து கைதட்டினேன்.