எமிலியானுசின் மணல் வாளி

முதலில் பழத்தட்டை மேசையிலிருந்து எடுத்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைக்கிறார் எமிலியானுஸ். பிறகு கைபேசியை அணைக்கிறார். வாசற்கதவைப் பூட்டுகிறார், பூட்டினோமா என்று கைப்பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார். குண்டுகள் இருக்கும் சின்னப் பெட்டியைப் படுக்கையறையில் விட்டு அந்தக் கதவையும் சாத்துகிறார். பின்னேரம் ஐந்து மணி. கீழே கபோ சந்தையில் மீன்காரர்கள் தட்டுகளைக் கழுவித் தண்ணீரைத் தெருவில் வீசி ஊற்றுகிறார்கள். அதற்குப் பிறகுதான் சுவரில் பொருத்திய இரும்புப் பெட்டியைத் திறக்கிறார். தினமும் இந்த நேரத்துக்கு அவர் செய்யும் பயிற்சிக்குக் கீழ்வீட்டுக்காரனான நான்தான் துணை.

"அண்ணை, அந்தப் பக்கம் நில்லாதேங்கோ. இந்தப் பக்கமும் வேண்டாம். என்ரை முதுகுக்குப் பின்னாலை வாங்கோ."

ஐம்பத்தொரு வயதில் அவர் வாங்கிய முதல் துவக்கு அது. கறுப்பு நிறக் கைத்துப்பாக்கி. ஒரு றாத்தல் பாணைவிடப் பாரம். அதைத் தூக்கும்போது அவர் முகம் சூடான சட்டியைத் துணியில்லாமல் தூக்குகிறவரின் முகம்போல் ஆகிவிடுகிறது.

யாழ்ப்பாணம் பாசையூரில் பிறந்தவர். இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து இருபத்துநாலு வருடம். அதில் பதினெட்டு வருடம் பத்திரம் எழுதும் நொத்தாரிசு ஒருவரின் வீட்டில் துப்புரவு, சமையல், நாயை உலாவக் கூட்டிப்போவது. வீட்டுக்கார அம்மா சின்யோரா இறந்து வீடு பூட்டப்பட்டபோது அவருக்கு இத்தாலியக் குடியுரிமை கிடைத்திருந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்துக்கு ஆயுதக் காவலாளி தேவை என்றார்கள். மருத்துவர் கண்ணையும் மனத்தையும் சோதித்தார். சுடும் கூடத்தில் பாடம் நடந்தது. குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில் முத்திரை குத்தினார்கள். துவக்கைத் தானே வாங்க வேண்டும், வேலை முடிந்ததும் தன் வீட்டிலேயே பாதுகாக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்குக் கடைசியாகத்தான் விளங்கியது.

"நான் நினைச்சன், தும்புத்தடி மாதிரி வேலையிடத்திலையே சாத்தி வைச்சிட்டு வரலாம் எண்டு."

இந்தத் துவக்கு வீட்டுக்கு வந்த அன்றே அவருடைய மனைவி அற்புதமலர் மகள் அமலினியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து ஊரான பகேரியாவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். இன்றோடு பதினொரு நாள். மகள் அங்கிருந்து ரயிலில் பள்ளிக்கு வருகிறாள். "பப்பா, மம்மா வரமாட்டாவாம், பஸ்தா, அவ்வளவுதான்" என்று அவள் தொலைபேசியில் சொன்னதோடு பேச்சு முடிந்தது. எமிலியானுசுக்கு இந்த இடம்தான் குழப்பம். வேலைக்கு மனுப்போடச் சொன்னதே அற்புதமலர்தான். இரும்புப் பெட்டியைக் கடையில் தட்டிப் பார்த்து வாங்கியதும், சுவரில் எந்த உயரத்தில் பொருத்துவது என்று காட்டியதும் அவர்தான். அன்றைக்குப் பெட்டியில் வைக்கும்முன் துவக்கைக் காட்டி, "பயப்பிடாதை, வெறும் துவக்கு" என்று எமிலியானுஸ் ஆறுதலாகத்தான் சொல்லியிருக்கிறார். அற்புதமலர் அடுப்பை அணைத்தார். கறி அரைவேக்காட்டில் நின்றது. பையை எடுத்தார்.

"குண்டு நிறைஞ்சது எண்டு சொல்லியிருந்தால் ஓடியிருக்கலாம். வெறுமை எண்டதுக்கு ஆராவது ஓடுவினமோ?"

சுடும் கூடத்தில் அவர் நல்ல மாணவர் அல்லர். முதல்நாள் பயிற்றுநர் துவக்கைத் திருப்பிக் கேட்டபோது, நொத்தாரிசுக்குக் கோப்பித்தட்டை நீட்டுவதுபோல இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, கொஞ்சம் குனிந்து நீட்டினார். குழல் பயிற்றுநரின் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது. மனிதர் பக்கவாட்டில் பாய்ந்தார். "மரியாதையாக் குடுத்ததுதான் பிழையாம்" என்று அதை இப்போதும் ஆச்சரியத்தோடு சொல்கிறார். "அண்ணை, ஊரிலை நான் காணாத துவக்கோ? எல்லாற்றை துவக்கும் கண்டனான். ஆனால் முன்பக்கம்தான் கண்டது. பின்பக்கம் எப்பிடி இருக்கும் எண்டு இப்பதான் பாக்கிறன்."

பாடத்தில் சொன்ன விதிகளைத் தமிழில் எழுதி, அரிசி வைத்திருக்கும் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறார். சுட முடிவெடுக்கும்வரை விசையில் விரல் வைக்கக் கூடாது என்பது அவருக்கு நன்றாகப் படிந்துவிட்டது. அளவுக்கு மீறியே படிந்துவிட்டது. இப்போது கோப்பிக் கோப்பையைப் பிடித்தாலும், பல்துலக்கியைப் பிடித்தாலும், அவருடைய ஆள்காட்டி விரல் தனியே நீட்டிக்கொண்டு நிற்கிறது.

ஆபத்தில்லாத திசையை நோக்கியே குழலைப் பிடிக்க வேண்டும் என்ற விதியில் அவர் நான்கு நாள் சிக்கிக் கிடந்தார். அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றினார். இடது சுவருக்கு அப்பால் வங்காளக் குடும்பம், கைக்குழந்தையோடு. வலது பக்கம் எல்லோரும் ஏறி இறங்கும் படிக்கட்டு. தலைக்கு மேல் மாடியில் எண்பது வயதுக் கொன்செத்தா சின்யோராவின் கட்டில். யன்னலுக்கு வெளியே சந்தை. மிச்சமிருக்கும் சுவரில் மடுமாதா படம். அதற்குப் பின்னால் அமலினியின் அறை. தரை என்றால் அதன் கீழே என் சமையலறை. "நீங்கள் எத்தினை மணிக்குச் சமைப்பியள்?" என்று ஒருநாள் என்னிடம் வந்து மிகவும் தன்மையாகக் கேட்டார். எதற்கு என்று தெரியாமல் நானும் சொல்லிவிட்டேன்.

மணல் நிரப்பிய வாளி குண்டைப் பிடித்துக்கொள்ளும் என்று பயிற்றுநர் பிறகு சொல்லியிருக்கிறார். வெறும் துவக்கைச் சோதிக்கும்போதும் குழல் அந்த வாளிக்குள் பார்க்கட்டும் என்றாராம். எமிலியானுஸ் அடுத்த லீவு நாளே பஸ் பிடித்து மொண்டெல்லோ கடற்கரைக்குப் போனார். குளிக்கிறவர்களுக்கு நடுவே சப்பாத்தோடு குந்தியிருந்து, இரண்டு பை நிறைய மணல் அள்ளி வந்தார். மறுநாள் உடன்வேலை செய்யும் சால்வோ அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தான்: கடற்கரை மணலை எடுப்பது குற்றம், ஆயிரம் யூரோவுக்கு மேல் தண்டம். துவக்கு வைத்திருக்க அரசாங்கத்தின் அனுமதி பெற்றவர் மணல் திருடியவராக மாட்டுப்பட்டால் அனுமதியும் போகும், வேலையும் போகும். அன்று பின்னேரமே அவர் இரண்டு பையோடும் திரும்ப பஸ் ஏறினார். அள்ளிய இடத்தைத் தேடிப்பிடித்துக் கொட்டினார். பிறகு கட்டடச் சாமான் கடையில் ஒரு மூடை மணல் வாங்கி, பற்றுச்சீட்டை வாளியின் வெளிப்பக்கத்திலேயே ஒட்டிவைத்தார்.

ஆனால் அரிசி அலுமாரியில் முதலாவதாக எழுதியிருக்கும் விதிக்கு ஒரு வாளியும் உதவவில்லை. வெறுமை என்று பார்த்த பிறகும் நிறைந்தது என்றே நடத்த வேண்டும்.

"நான் கண்ணாலை பாக்கிறன். உள்ளுக்கு ஒண்டும் இல்லை. பிறகும் இருக்குது எண்டு நினைக்கோணுமாம். அப்ப நான் பாத்தது என்ன, அண்ணை? கோயிலிலை காணாததை நம்பு எண்டுகினம். இவங்கள் கண்டதை நம்பாதை எண்டுறாங்கள்."

சால்வோவிடம் கேட்டால் அவன் சிரிக்கிறான். அவன் துவக்கு கட்டிலுக்கு அருகே மேசை லாச்சியில், குண்டோடு கிடக்கிறதாம். பூட்டிவைத்தால் கள்ளன் காத்திருப்பானா என்கிறான். கோயில் நண்பர் ஏர்னஸ்றின் உதவி வேறு மாதிரி.

"என்ன மச்சான், ஊரிலை எல்லாரும் துவக்குத் தூக்கேக்கை கட்டிலுக்குக் கீழை ஒளிச்சனி. இப்ப கிழவனானாப் பிறகு பலெர்மோவிலை தூக்கிறாய்!"

"இது சம்பளத்துக்கடா."

"இயக்கத்திலை சோறெண்டாலும் போட்டாங்கள். உனக்கு மனிசியும் இல்லை, சோறும் இல்லை."

எமிலியானுசும் சேர்ந்துதான் சிரித்தார். சிரித்து முடிந்த பிறகு முகம் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது. வேலையில் தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று வாரம். துவக்கை விட்டால் வேலை இல்லை. விடாவிட்டால் வீட்டில் ஆளில்லை.

கடந்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்தோம். அற்புதமலர் தூணோரம் நின்றார். எமிலியானுஸ் பக்கத்தில் போய், வாளி வாங்கிய கதையைத் தொடங்கினார். அற்புதமலர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெல்லிய குரலில் இடைமறித்தார்.

"என்ரை தம்பி எப்பிடிச் செத்தவன்?"

"துவக்கு வெடிச்சு. எனக்குத் தெரியுந்தானே."

"வீட்டை வந்து நிண்ட பெடியன் ஒருத்தன் விறாந்தையிலை இருந்து துவக்குத் துடைச்சவன். நான் பயந்து தம்பியை உள்ளுக்கு வா எண்டு கூப்பிட்டனான். அந்தப் பெடியன் என்னைப் பாத்துச் சிரிச்சுப்போட்டு என்ன சொன்னவன் தெரியுமோ?"

வாளியின் அளவைக் காட்ட விரித்த கைகளை எமிலியானுஸ் கீழே இறக்கினார்.

"'பயப்பிடாதை தங்கச்சி, வெறும் துவக்கு.' நீங்களும் அப்பிடியே, அதே மாதிரிச் சிரிச்சுக்கொண்டு சொன்னியள்."

இருபது வருடக் கலியாணத்தில் அந்த ஒரு வசனத்தை அவர் கணவருக்குச் சொன்னதில்லை. சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலுக்குப் போனார்.

பஸ்ஸில் எமிலியானுஸ் என் பக்கத்தில் இருந்தார். நாலைந்து தரிப்பிடம் போனது. "நான் பாத்துப்போட்டுத்தான் சொன்னனான், அண்ணை. பொய் சொல்லேல்லை" என்றார். இன்னும் இரண்டு தரிப்பிடம் போனது. "அவனும் பாத்திருப்பான் போலை."

இன்று செவ்வாய்க்கிழமை அற்புதமலர் மகளின் குளிர்ச்சட்டையை எடுக்க வந்தார். அப்போது ஐந்து மணி கடந்துவிட்டது; நான் வழக்கம்போல எமிலியானுசின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வெளியிலிருந்து தன்னிடமிருந்த திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்தவர், கணவரின் கையில் துவக்கைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். தோளில் பை. காலில் வார் இழுத்துப் பூட்டிய செருப்பு.

எமிலியானுஸ் எழும்பவில்லை. திரும்பவும் இல்லை, குழலை வாளிக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

"மூடி வைக்கட்டோ?" என்றார்.

"வேண்டாம். செய்யிறதைச் செய்யுங்கோ. நான் பாக்கிறன்."

எமிலியானுஸ் முதலிலிருந்து தொடங்கினார். குண்டு ஏற்றும் மகசினைக் கழற்றி மேசையில் வைத்தார். மேற்பகுதியைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தினார். குனிந்து, குண்டு இருக்கும் துவாரத்தைப் பார்த்தார். கண்ணை எடுத்து யன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவினார். விரலில் எண்ணெய் மட்டும் மினுங்கியது. ஆள்காட்டி விரல் ஓரமாய் நீண்டபடி இருந்தது. கீழே யாரோ மிச்சமிருந்த மத்திமீனை விலை குறைத்துக் கூவினார்கள்.

"வெறுமைதானே?" என்று கேட்டார் அற்புதமலர். மிகச் சாதாரணமான குரல். உப்புப் போட்டாச்சா என்று கேட்பதுபோல.

நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எமிலியானுசின் வாய் திறந்தது. ஓம் என்ற சொல் உதட்டு நுனிவரை வந்திருக்க வேண்டும். அவர் வாயை மூடிக்கொண்டார். திறந்து கிடந்த அந்தத் துவாரத்தைப் பார்த்தபடியே, வெறுமை இல்லை என்று மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அற்புதமலர் பையைத் தோளிலிருந்து இறக்கி, குனிந்து, செருப்பு வாரைக் கழற்றினார்.