கல்லுக்கு அடியில் இரண்டு கெளுத்தி

யுத்த காலத்தில் நாங்கள் அரியலூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் தந்தி அடிப்பவர். அப்போது எனக்கு இருபது வயது இருக்கும். நாலு பேர் வந்தால் அடுப்படிக்குள் போய்விடுவேன். இப்போதும் பெரிய மாற்றமில்லை.

என் கொழுந்தனார் ரங்கூனில் வேலை பார்த்தவர். அங்கே குண்டு விழுந்ததும் மனைவியோடு நடந்தே கிளம்பியிருக்கிறார். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவர் மட்டும்தான் வந்தார். வழியில் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாசலில் வைக்கும் சோறு பாதி நாள் அப்படியே திரும்பி வரும். உடம்பு துரும்பாகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் அவரும் நமக்கு இல்லை என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் அடுப்படியில் நின்று அழுதார்.

எங்கள் கல்யாணத்தின்போது கொழுந்தனார் கோயில் குளத்து மீன்களுக்குப் பொரி போட்டபடி பந்தியை மறந்து நின்றது எனக்கு நினைவு இருந்தது. தந்தி பேட்டரிக்கு வரும் சதுரக் கண்ணாடித் தொட்டி ஒன்று விளிம்பு உடைந்து ஸ்டேஷனில் கிடந்தது. அதை என் வீட்டுக்காரர் மூலமாக வாங்கிக் கழுவி, அவர் அறை வாசலுக்கு எதிரே கூடத்தில் வைத்தேன். சந்தையில் மீன்காரம்மாவிடம் உயிரோடு இரண்டு கெளுத்திக் குஞ்சு கேட்டேன்.

"ரெண்டு குஞ்சு எந்தக் கொழம்புக்குத் தாயி காணும்?"

"வளக்கத்தான்."

"கெளுத்தியவா? அது மொகமே காட்டாதே!"

அவள் சொன்னபடியேதான் ஆயிற்று. ஓடையில் கிடக்கும் நத்தை மாதிரிச் சுருண்ட கல் ஒன்றைத் தொட்டிக்குள் சாய்த்து வைத்திருந்தேன். இரண்டும் அதற்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டன. சோற்றுப் பருக்கை போட்டால் அது ஊறிக் கரைந்ததுதான் மிச்சம். மீனும் வரவில்லை, கதவும் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு குட்ஸ் கிளார்க் சம்சாரம், "வெறுந் தண்ணிக்கு எதுக்குடி சோறு போடுற?" என்று சிரிப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையார்பாளையத்திலிருந்து என் வீட்டுக்காரரின் பெரியப்பா மகன், பெட்ரோல் கிடைக்காத அந்த நாளில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் வந்தார். தொட்டியைக் குனிந்து பார்த்தார்.

"எங்கடா மீனு?"

என் வீட்டுக்காரருக்கு வெட்கமாகிவிட்டது. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கல்லைத் தூக்கி வெளியே வைத்தார். கெளுத்திகள் இரண்டும் தறிகெட்டு ஓடிக் கண்ணாடியில் மோதின. மறுபடி மோதின. கடைசியில் ஒரு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டன.

"பாத்தியா, வெளிய வந்துருச்சு. ஒந் தம்பிக்கும் இதாண்டா வைத்தியம். கதவக் கழட்டிப்புடு. எங்க போயி ஒளிவான்?"

அவர் அதைச் சத்தமாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாளைக்கு ஆசாரிய வரச் சொல்றேண்ணே" என்றார். அவரை பஸ் ஏற்றிவிட என் வீட்டுக்காரரும் கூடவே போனார்.

நான் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு மீனின் மீசை கண்ணாடியில் பட்டு மடங்கியிருந்தது. பின்னால் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. கதவு ஒரு கையகலம் திறந்திருந்தது.

"அண்ணி." எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த குரல் கரகரத்தது. "கல்ல உள்ள வச்சுடுங்க. மூச்சு வாங்குது பாருங்க."

வைத்தேன். இரண்டும் நொடியில் அடியில் போய் அடங்கின.

"இன்னொரு கல்லும் வைங்க" என்றார். கதவு சாத்திக்கொண்டது.

அம்மிக்குப் பக்கத்தில் கிடந்த உடைந்த கூரை ஓடு ஒன்றையும் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்தேன். பொழுது சாய்ந்ததும் கல்லுக்கு அடியிலிருந்து மீசை நீண்டது. பிறகு தலை. பிறகு ஒன்று மெதுவாக நீந்தி, ஓட்டுக்கு அடியில் போய்ப் புகுந்து, திரும்பவும் கல்லுக்கு வந்தது. போக ஒரு இடமும் வர ஒரு இடமும் கிடைத்ததும் அதற்குத் தைரியம் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் ஆசாரி உளியும் சுத்தியுமாக வந்துவிட்டார். நான் போய் அந்தக் கதவில் முதுகை வைத்து நின்றேன். வேற்று ஆண்பிள்ளை முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததில்லை.

"என்னங்க, கதவு இருக்கட்டுங்க."

"என்னடி இது, புதுசா?"

"நேத்து எங்கிட்ட பேசுனாருங்க."

என் வீட்டுக்காரர் என்னையே பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஆசாரி தொண்டையைக் கனைத்தார். "அப்ப நான் வந்தது?" என்று கேட்டார். கால் ஆடிக்கொண்டிருந்த முக்காலியை அவரிடம் எடுத்துக் கொடுத்தோம்.

அதன் பிறகு நான் கொழுந்தனார் தட்டைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய்விடுவேன். பக்கத்து வீட்டம்மாவையும் அந்த நேரத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்குக் கோபம்தான். சில நாள் சோறு அப்படியே இருக்கும். சில நாள் தட்டு உள்ளே போயிருக்கும்.

ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம். தீப்பெட்டியோடு கூடத்துக்கு வந்தவள் அப்படியே நின்றேன். கொழுந்தனார் தொட்டி முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பருக்கையைத் தண்ணீரில் போடுவார். அடுத்த கவளத்தைத் தான் சாப்பிடுவார். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. சத்தமே இல்லை. அப்படியும் கை நிற்கவில்லை.

நான் விளக்கு ஏற்றவில்லை. என் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து கைவிளக்கோடு படியேறி வந்தார். இருட்டிக் கிடந்த வீட்டைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு கூடத்தைப் பார்த்தார். கைவிளக்கின் திரியை இறக்கி அணைத்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.