சார் எழுதிய காதல் கதை

என் கணவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பொன்னாடை எனக்கு வரவேண்டியது. இதை இப்படி நேராக எழுத எனக்கு இத்தனை வருடம் பிடித்திருக்கிறது. எழுதிய பிறகும், கொஞ்சம் அதிகப்படியாக இருக்கிறதோ என்று திரும்பிப் படித்துப் பார்த்தேன். இல்லை. அது எனக்கு வரவேண்டியதுதான்.

இரண்டாயிரங்களின் நடுவில் நாங்கள் கொல்கத்தாவில், டாக்குரியாவில் குடியிருந்தோம். அவருக்கு வங்கியில் மாற்றல். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நான் எம்.ஏ. முடித்துவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறதா, பால் செரித்ததா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள். காதல் கதை எழுதவேண்டும் என்பது கல்லூரி நாளிலிருந்து எனக்கு இருந்த ஆசை. பெரிய இலக்கியம் எதுவும் என் மனதில் இல்லை. படிக்கிறவள் பஸ்ஸில் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட வேண்டும், அப்படி ஒரு காதல் கதை. மூன்று பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். மூன்றும் திரும்பி வந்தன. நாலாவதாக அனுப்ப யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் வலைப்பூ என்று ஒன்று இருக்கிறது, அங்கே யாரும் எதையும் திருப்பி அனுப்ப முடியாது என்று தெரிந்தது.

என் பெயரிலேயே ஆரம்பித்தேன். புகைப்படம் மட்டும் போடவில்லை. மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயம். வாரம் ஓர் அத்தியாயம். சென்னையிலிருந்து வேலைக்காகக் கொல்கத்தாவுக்கு வந்து விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண், எதிர்ப்பட்ட ஒரு தமிழ் இன்ஜினியர். மகள் மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் பழைய டைரியில் கையால் எழுதுவேன். கணினியில் தமிழ் அடிக்க எனக்கு வராது. அவர் இளவயதில் தமிழ் டைப்ரைட்டிங் படித்துத் தேறியவர். அதனால் முதல் ஆறு அத்தியாயங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்தான் அடித்துக் கொடுத்தார். சமையலறையில் இருந்தபடியே என் கையெழுத்து புரியாத இடங்களை நான் சத்தமாகச் சொல்வேன். இதைச் சொல்வதற்குக் காரணம், பின்னால் நடந்ததற்கெல்லாம் இதுவே வேர். ஏழாவது அத்தியாயத்திலிருந்து நானே கற்றுக்கொண்டு அடித்தேன். அதை யாரும் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் ஒரு கூட்டத்துக்கு அழைப்பிதழ் கொடுக்க வந்தார். பவானிபூரில் இரண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம். பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்தவர் நேரே கணினி இருந்த மூலைக்குப் போய்விட்டார். நான் காபியோடு வரும்போது திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"'உன் பக்கத்தில் நின்றால் எனக்கு நேரம் தெரிவதில்லை.' சார், இதென்ன பேங்க் சர்க்குலரா?"

என் கணவர் காது வரை சிவந்துவிட்டார். "இவ எழுதறது சார். நான் அடிச்சுத் தர்றேன், அவ்வளவுதான்."

"தெரியும் சார், தெரியும்." செயலாளர் கண்ணைச் சிமிட்டினார். "ஆம்படையா பேர்ல எழுதறது நம்ம பத்திரிகை உலகத்துல பழைய வழக்கமாச்சே. எங்க பெரியப்பாவே பெரியம்மா பேர்ல எட்டுக் கதை எழுதியிருக்கார். பெரியம்மாவுக்குத் தபால்ல லவ் லெட்டரெல்லாம் வந்துது. உங்க ரகசியம் எங்கிட்ட பத்திரம்."

"இல்ல சார், நெசமாவே..."

"காபி பேஷா இருக்கும்மா," என்றார் என்னைப் பார்த்து.

ரகசியம் எத்தனை பத்திரமாக இருந்தது என்பது பொங்கல் விழாவில் தெரிந்தது.

அதற்குள் கதை பதினைந்து அத்தியாயம் தாண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பெண்கள் பின்னூட்டம் எழுதினார்கள். எனக்குத் தன் கஷ்டங்களையும் எழுதும் துபாய்க்காரி ஒருத்தி, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே படித்துச் சோற்றை அதன் மூக்கில் வைத்துவிட்டதாக எழுதியிருந்தாள். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. எல்லோருக்கும் பிடித்தது பத்தாவது அத்தியாயம். டாக்குரியா ரயில்வே கேட் அருகே முழங்கால் அளவு மழைத்தண்ணீர். இன்ஜினியர் குடை பிடிக்கிறான். அவள் கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு ஒதுங்கியே நடக்கிறாள். தன்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவள் ரவிக்கையில் கொக்கி அறுந்து, ஊக்கு குத்தியிருக்கிறது. கையைத் தூக்கினால் தெரிந்துவிடும். அவ்வளவுதான் விஷயம். அந்த ஊக்கு என்னுடையது. கரியாஹாட்டில் பஸ் ஏறும்போது அறுந்த கொக்கி என்னுடையது. அன்று குழந்தையை ஒரே கையால் தூக்கிக்கொண்டு வீடு வரை வந்தவள் நான்.

பொங்கல் விழா மேடையில் செயலாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நம்ம நடுவுல ஒரு எழுத்தாளர் ஒளிஞ்சிண்டிருக்கார். மனைவி பேருக்குப் பின்னாடி. பத்தாவது அத்தியாயத்துல ஒரு ஊக்கு வர்றது. ஒரு ஆம்பளை, பெண் மனசை இவ்வளவு நுணுக்கமா எழுத முடியுமான்னு நான் அசந்து போயிட்டேன்."

கைதட்டினார்கள். நன்றாகத் தட்டினார்கள். பக்கத்து நாற்காலிப் பெண் என் தோளைத் தொட்டு, "நீங்க குடுத்து வெச்சவங்க. இப்படிப் புரிஞ்சுக்கற புருஷன் யாருக்குக் கிடைக்கும்," என்றாள். மேடையில் என் கணவர் பொன்னாடையோடு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சிரித்தார்.

வீட்டுக்கு வந்து குழந்தையைப் படுக்கப் போட்டுவிட்டுத்தான் கேட்டேன்.

"ஏங்க, ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? மைக்கு அவர் கையில இருக்கு. துணி என் தோள்ல கெடக்கு."

"சிரிச்சீங்க."

"பின்ன, அத்தனை பேரு முன்னாடி வயசான மனுசனைப் பொய்யாக்கவா? அன்னிக்கே சொன்னேன், நம்பல. ரெண்டு நாள்ல மறந்துருவாங்க. விடு."

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதும்போதும் அதைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படித் தோன்றுவதே எனக்கு எரிச்சலாகவும் இருக்கிறது. அன்று இரவு பல யோசனை. அடித்துக் கொடுத்தாரே, இரண்டு மூன்று சொல்லைத் திருத்தியும் கொடுத்தாரே, அதில் அவருக்கும் பங்கு இருக்கிறதோ? ஒரு துணிக்காக நான் இவ்வளவு கோபப்படுவது அற்பமோ? மறுநாள் அந்தப் பொன்னாடையை எடுத்துக் கணினியின் மேல் தூசி படியாமல் போர்த்திவைத்தேன்.

பிறகு வலைப்பூவில் நாலு வரி எழுதினேன். இந்தக் கதையை எழுதுபவள் நான்தான், என் கணவர் இல்லை, தயவுசெய்து வதந்தியை நம்ப வேண்டாம் என்று. சங்கத்து ஆட்கள் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்தார்கள். முதல் பின்னூட்டம்: "ஐயா, பெண் குரலில் மறுப்பும் எழுதியது அருமை. கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லையே." இரண்டாவது: "சார், இந்த நகைச்சுவையைக் கதையிலும் சேர்க்கலாம்." துபாய்க்காரியும் கேட்டிருந்தாள்: "அப்போ நான் இத்தனை நாள் ஓர் ஆணிடமா என் கஷ்டத்தையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்?" அதற்குத்தான் அழுதேன். பதில் எழுதினேன். அவள் திரும்பி வரவில்லை.

இன்னும் ஓர் அத்தியாயம்தான் பாக்கி. எழுத மாட்டேன் என்று நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணும் அந்த இன்ஜினியரும் மூன்று மாதம் அப்படியே நடுத்தெருவில் நின்றார்கள். குழந்தைக்கு இட்லி ஊட்டும்போது, துணி மடிக்கும்போது, அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பதுபோல் இருக்கும். நான் யாரைத் தண்டிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

பங்குனிக் கடைசியில், ஒரு மதியம் தொலைபேசி அடித்தது. செயலாளர்.

"சார் இருக்காரா?"

"ஆபீஸ்ல இருக்காங்க. சொல்லுங்க மாமா."

"சார்கிட்டதான் பேசணும். சரி, நீயே சொல்லிடு. சித்திரை மலருக்கு அவரோட கதை மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்துக் கம்போஸுக்குக் குடுத்தாச்சு. கடைசி அத்தியாயம்தான் இல்லை. நாளன்னிக்கு பிரெஸ். சார் பிஸின்னா பரவால்ல, நானே நாலு வரியில கல்யாணத்தைப் பண்ணி வெச்சுடறேன். என்ன இருக்கு அதுல."

என்னைக் கேட்காமல் என் கதையை அச்சுக்குக் கொடுத்ததை நான் எப்படியோ விழுங்கியிருப்பேன். கடமை, மரியாதை என்று விழுங்கிப் பழகியவள்தான். அந்த நாலு வரியை விழுங்க முடியவில்லை.

"நீங்க பண்ணி வைக்காதீங்க மாமா. நாளைக்குக் காலைல கொண்டுவந்து தர்றேன்."

"சார் எழுதிட்டாரா?"

நான் போனை வைத்துவிட்டேன்.

வீட்டிலேயே எழுதி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போனால், சார் கொடுத்தனுப்பினாரா என்பார். அதனால் மறுநாள் காலை ஒரு பேனாவும் வெறும் காகிதமும் குழந்தையுமாகக் கிளம்பினேன். ஆட்டோவில், பிறகு மெட்ரோவில், பவானிபூரில் அவர் வீட்டு இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவரிடம், "டைனிங் டேபிள்ல உக்காந்து எழுதிக்கலாமா மாமா?" என்று கேட்டேன்.

அவர் மனைவி, "ஷோனா, இங்க வா," என்று, தங்கத்துக்கான வங்காளச் சொல்லால் கொஞ்சி என் மகளைத் தூக்கிக்கொண்டு, ஒரு கிண்ணம் பொரியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுத ஆரம்பித்தேன். செயலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் மேலும் கீழும் நடந்தார். முதல் பக்கம் முடிந்ததும் எட்டிப் பார்த்தார்.

"பேஷ். சார் சொன்னதை அப்படியே மனப்பாடம் பண்ணிண்டு வந்துட்டியா?"

நான் நிமிரவில்லை. நிமிர்ந்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது வேறு ஏதாவது செய்திருப்பேன். இரண்டாவது பக்கத்தில் ஒரு பத்தி சரியாக வரவில்லை. அவன் பேச ஆரம்பிப்பதுபோல் எழுதியிருந்தேன். அவள்தான் பேச வேண்டும் என்று பட்டது. முழுப் பத்தியையும் அடித்துவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மேலே வேறு மாதிரி எழுதினேன். அதையும் பாதி அடித்தேன். எனக்குப் பின்னால் நடை நின்றுவிட்டது. மனப்பாடம் செய்தவர்கள் எழுதியதை அடிப்பதில்லை.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவள் அதே ரயில்வே கேட் அருகே, அன்று குடைக்குள் ஏன் ஒதுங்கி நடந்தாள் என்று அவனிடம் சொல்கிறாள். ஊக்கின் கதையைச் சொல்லிச் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்போடு, என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று அவளே கேட்கிறாள்.

செயலாளர் நின்றபடியே படித்தார். "பொண்ணே கேக்கறதா?" என்றார். "சார் இப்படி எழுத மாட்டாரே."

"மாட்டார்தான்," என்றாள் மாமி, தரையிலிருந்து. "குடுங்கோ இப்படி." வாங்கி மெதுவாகப் படித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். படித்து முடித்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். "பத்தாவது அத்தியாயம் நீங்க வாசிச்சுக் காட்டினபோதே சொன்னேனோ இல்லையோ? அந்த ஊக்கு எந்தப் பக்கம் குத்தணும், எந்தக் கையைத் தூக்கப்படாதுன்னு ஆம்பளைக்குத் தெரியாதுன்னு. உங்களுக்குக் காது கேட்டாத்தானே."

நியாயமாக எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "தெரிஞ்சும் அன்னிக்கு மேடையில ஏன் மாமி சும்மா இருந்தீங்க?"

"நான் அவர்கிட்ட சொன்னேன். நீ எல்லாருக்கும் முன்னாடி எழுந்து சொல்லியிருக்கலாமே. நாலாவது வரிசையிலதானே இருந்தே."

குழந்தைக்கு மூக்கு ஒழுகியது என்பது அதற்குப் பதில் ஆகாது.

சித்திரை மலர் வந்தது. கதை முழுதாக இருந்தது; என் முடிவோடு இருந்தது. மேலே என் பெயர். பெயருக்குக் கீழே சாய்ந்த எழுத்தில், இன்ன வங்கி அதிகாரியின் துணைவியார் என்று ஒரு வரி. அதை நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை செயலாளர் மறுபடி போன் செய்தார். என் கணவர் எடுத்தார். நான் பக்கத்தில் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய போனில் மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்கும். "சார், மலர் பிரமாதம்னு எல்லாரும் சொல்றா. உங்காத்துலயும் நன்னாவே எழுதறா. எல்லாம் உங்க ட்ரெயினிங்."

என் கணவர் சிரிக்கப் போனார். முகத்தில் அந்தச் சிரிப்பு கிளம்பியதை நான் பார்த்தேன். ஆனால் தொலைபேசியில் சிரிப்பு தெரியாது. ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டும். என்னைப் பார்த்தார். நான் துண்டைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு எழுத வராது சார்," என்றார். "ஒரு வரி கூட வராது. அடிக்கத்தான் வரும். அந்தப் பொன்னாடையும் அவளோடதுதான். அடுத்த கூட்டத்துல நீங்க இதைச் சொல்லிருங்க. இல்லேன்னா நான் சொல்றேன்."

போனை வைத்துவிட்டு, நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். மூன்று மாதம் முன்னால், கைக்கு மைக் எட்டும் தூரத்தில், அவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. நான் நன்றி சொல்லவில்லை. குழந்தையை அவர் மடியில் உட்காரவைத்து, துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, கணினியின் மேல் கிடந்த பொன்னாடையை விலக்கி உட்கார்ந்தேன். கடைசி அத்தியாயத்தை வலைப்பூவில் ஏற்ற வேண்டியிருந்தது. துபாய்க்காரி ஒருவேளை எட்டிப் பார்க்கலாம்.