முதல் மூன்று ஆட்டங்கள்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது என்னைப் பள்ளிக் கூடைப்பந்து அணிக்குக் கேப்டன் ஆக்கினார்கள். திறமையைப் பார்த்து அல்ல. முந்தைய வருடம் ஆடிய அக்காக்களில் பாதிப் பேர் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பிளஸ் டூ. பொதுத்தேர்வு வருடத்தில் பந்தைத் தொடக் கூடாது என்று அவர்களுடைய வீட்டில் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது எட்டாவதும் ஒன்பதாவதும் படித்த நாங்கள்தான். அதில் நான் சில மாதங்கள் மூத்தவள், அவ்வளவுதான் என் தகுதி.

அரக்கோணத்தில் ஒரு விளையாட்டுக் கழகம் சுற்றுவட்டாரப் பள்ளிப் பெண்களுக்கு வருடாவருடம் லீக் போட்டி நடத்தும். சனிக்கிழமைதோறும் ஓர் ஆட்டம். திருத்தணியிலிருந்து எங்கள் பள்ளியும் போகும், தோற்கும், ஸ்டேஷன் வாசலில் பஜ்ஜி தின்றுவிட்டு ரயிலேறித் திரும்பும். முந்தைய வருடம் மாற்று ஆட்டக்காரியாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு ஆட்டத்தைவிட அந்த பஜ்ஜிதான் நினைவில் இருந்தது.

எங்கள் பி.டி. மிஸ் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார். "இந்த வருஷம் போவலன்னா அடுத்த வருஷம் நம்மள சேத்துக்க மாட்டாங்க. அதுக்குத்தான் போறோம். வுழுந்து கைய கால ஒடச்சிக்காதீங்க, அது போதும்."

எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு வளையம்தான் உண்டு. எதிர்ப்பக்கத்துக் கம்பம் துருப்பிடித்துச் சாய்ந்ததால் எடுத்துவிட்டார்கள். அதனால் முழு மைதானத்தில் நாங்கள் ஆடியதே இல்லை. அந்தப் பாதி மைதானத்தில் எல்லாருமாக மோதிக்கொண்டு ஆடுவோம். நின்றால் பந்து பறிபோய்விடும். "பந்த கைல வெச்சிகினு நிக்காதீங்க" என்பதுதான் மிஸ் திரும்பத் திரும்பச் சொன்னது.

முதல் ஆட்டமே போன வருடம் கோப்பை வாங்கிய அரக்கோணம் பள்ளியோடு. அவர்களில் குள்ளமானவள் எங்களில் உயரமானவள் அளவுக்கு இருந்தாள். அவர்களுடைய ஷூ சிமெண்டுத் தரையில் கீச்சிட்டது.

எங்கள் அணியில் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். வீட்டில் தெலுங்கு. பதற்றம் வந்தால் அவளுக்குத் தமிழ் மறந்துபோகும். அன்று ஆட்டம் தொடங்கியதும் "எடம, எடம" என்று கத்தினாள். இடது பக்கம் போ என்று அர்த்தம். எங்கள் ஊரில் அந்த அளவு தெலுங்கு எல்லாருக்கும் தெரியும். நான் இடது பக்கம் ஓடினேன், பந்து வந்தது, போட்டேன், விழுந்தது. எதிரணிக்கு அந்தச் சொல் புரியவில்லை என்பதை அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பிறகு எல்லாருமே தெலுங்கில் கத்த ஆரம்பித்தோம். வலது பக்கத்துக்கு "குடி, குடி" என்று நான் கத்தியபோது நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "யாருக்குமா தண்ணி வேணும்?" என்று கேட்டார்.

கடைசி விசில் ஊதியதும் வழக்கப்படி வரிசையில் நின்று கைகுலுக்கினோம். எதிரணிக் கேப்டனின் கையைப் பிடித்து, அக்காக்கள் போன வருடம் செய்ததைப் போலவே, "கங்கிராட்ஸ்க்கா" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"இன்னா வெளயாடுறியா? நீங்கதான ஜெயிச்சீங்க."

நான் ஸ்கோர் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு கூடை வித்தியாசத்தில் எங்கள் பக்கம் அதிகமாக இருந்தது. எங்களில் யாரும் குதிக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்டவர்களைப் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். மிஸ் நேராக ஸ்கோர் எழுதுபவர்களின் மேசைக்குப் போய், இன்னொரு தடவை கூட்டிப் பார்க்கச் சொன்னார். கூட்டினார்கள். அதே எண்தான் வந்தது.

அன்று பஜ்ஜிக் கடையைத் தாண்டிப் போய்விட்டோம், யாருக்கும் நினைவில்லை. திருத்தணியில் இறங்கும்போதுதான் பள்ளிப்பட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், நெசமாவே ஜெயிச்சிட்டமா?"

"அப்டித்தான் எழுதியிருக்காங்க" என்றார் மிஸ்.

அடுத்த சனிக்கிழமையும் ஜெயித்தோம். இந்தத் தடவை பலகையை ஆட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அப்படியும் நம்ப முடியவில்லை. மிஸ் தலைமையாசிரியைக்கு போன் செய்தார். பக்கத்தில் நின்ற எங்களுக்கு மறுமுனைக் குரல் கேட்டது. "அந்த டீம் வர்லியா? வாக்ஓவரா?" என்று கேட்டார். "வந்தாங்க மேடம். ஆடினாங்க. தோத்தாங்க" என்று மிஸ் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

திங்கட்கிழமை பிரேயரில் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். மலைக்கோயில் படிகளில் ஏறி இறங்கித்தான் இந்தப் பிள்ளைகளுக்குக் காலில் இவ்வளவு பலம் வந்தது என்று ஒரு ஆசிரியர் மைக்கில் பேசினார். நாங்கள் கோயிலுக்குப் போனால் பஸ்ஸில்தான் போவோம். ஆனாலும் தலையாட்டினோம்.

மூன்றாவது ஆட்டத்தின் பாதியில் கம்பி வேலிக்கு வெளியே ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்று தெரிந்தது. என் நைனா, அப்பாவை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருக்கு அரக்கோணத்தில் ரயில் பாதை பராமரிக்கும் கேங்கில் வேலை. நான் அணிக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றுதான் அவர் நினைத்திருந்தார், நானும் திருத்தியதில்லை. வீட்டில் நான் அதிகம் பேச மாட்டேன். சாப்பாடு போதுமா என்று கேட்டால்கூடத் தலையைத்தான் அசைப்பேன். அவர் பார்த்தபோது நான் மைதானத்தின் நடுவில் நின்று, தொண்டை கிழிய, எங்கள் அணியில் இரண்டு பேரைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டதும் பந்தைத் தவறவிட்டேன். "யாரப் பாத்துகினு நிக்கிற?" என்று பள்ளிப்பட்டுக்காரி என்னைத் திட்டினாள். ஆனாலும் அந்த ஆட்டத்தையும் ஜெயித்தோம்.

ஆட்டம் முடிந்து ஸ்டேஷன் வரைக்கும் நைனா என்னோடு நடந்து வந்தார். பாலத்தைத் தாண்டிய பிறகுதான் பேசினார்.

"மொதல்ல நீன்னே தெரில எனக்கு. யாரு பொண்ணு இப்டிக் கத்துதுன்னு பாத்துகினு இருந்தேன்."

நான் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

"வூட்ல வாயே தொறக்க மாட்டியே. இதெல்லாம் எங்க வெச்சிருந்த?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே திகைத்துப்போயிருந்தார். "தெரில நைனா" என்றேன். எனக்கும் தெரியாது என்பதுதான் நிஜம். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்பது எனக்கே அந்த மாதம்தான் தெரிந்திருந்தது.

நான்காவது ஆட்டம் ஆர்.கே.பேட்டைப் பள்ளியோடு. முதல் தடவையாக, ஜெயிக்கப்போகிறோம் என்ற நினைப்போடு இறங்கினோம். "எடம" என்று கத்தினால் எனக்கு முன்பே அவர்களில் ஒருத்தி இடது பக்கம் நின்றாள். "குடி" என்றால் வலது பக்கத்தில் இரண்டு பேர். எங்களுக்கு ஏதோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். இடைவேளையில் அவர்களுடைய பெஞ்சு பக்கம் நான் தண்ணீர் பிடிக்கப் போனபோது காதில் விழுந்தது. அவர்களுக்குள் சரளமாகத் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். தறி ஓட்டும் தெலுங்குக் குடும்பங்கள் அங்கே நிறைய என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆடப் போகும்போது ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை.

படுதோல்வி. பள்ளிப்பட்டுக்காரி தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு எல்லாரும் அழுதோம். மிஸ் எங்களைப் பார்த்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றார்.

"போன வருஷம் எல்லா மேட்ச்சும் தோத்துட்டு பஜ்ஜி துன்னுகினு சிரிச்சிகினே வந்தீங்க. இப்ப ஒண்ணே ஒண்ணு தோத்ததுக்கு இப்டியா?"

தோற்பது எங்களுக்குப் பழகிய விஷயம்தான். மூன்றே ஆட்டத்தில் அந்தப் பழக்கம் எப்படி விட்டுப்போனது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

முதல் மூன்று வெற்றியின் புண்ணியத்தில் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அந்த வாரம் முழுக்கக் கத்தாமல் ஆடிப் பழகினோம். கண்ணாலும் விரலாலும்தான் பேச்சு. எதிரணி, நாங்கள் முதலில் ஜெயித்த அதே அரக்கோணம் பள்ளி.

ஆட்டத்துக்கு முன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கேப்டனின் குரல்.

"அந்தக் குட்டிப் பொண்ணுங்கள சாதாரணமா நெனைக்காதீங்க. அவளுங்க நிக்கவே மாட்டாளுங்க. எனக்கு நேத்தெல்லாம் சோறே எறங்கல."

ஈர முகத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னைப் பார்த்து ஒரு ஆள் பயப்படுவாள் என்பதை நான் கனவிலும் நினைத்ததில்லை. அதுவும் அவ்வளவு உயரமான பெண். சந்தோஷமாக இல்லை. உள்ளுக்குள் சில்லென்று இருந்தது. வெளியே போய் மற்றவர்களிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் சிரித்துவிடுவார்கள், ஓட்டம் குறைந்துவிடும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

ஆட்டம் கடைசி நிமிடம் வரை இழுத்தது. ஐந்தாவது ஃபவுல் விழுந்ததால் பள்ளிப்பட்டுக்காரி விதிப்படி வெளியே போனாள். அவள் போனதும் வளையத்துக்குக் கீழே எங்களுக்கு ஆளில்லை. தோற்றோம். அழுவோம் என்று நினைத்தேன், அன்று யாரும் அழவில்லை.

வரிசையில் கைகுலுக்கும்போது அந்தக் கேப்டன் என் கையை விடவில்லை.

"நீங்கள்லாம் எந்த கிளாஸ்?"

"நாங்க கொஞ்சம் பேரு நைன்த்துக்கா. மத்தவங்கள்லாம் எய்ட்த்."

அவள் எங்கள் வரிசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். கோப்பை வாங்கப்போகிற முகமாகவே அது இல்லை.

"எய்ட்த்தா? அப்போ இன்னும் நாலு வருஷம் வருவீங்களா?"

"ஆங்க்கா" என்றேன்.

நாலு வருஷமும் எல்லாரும் வரவில்லை. ஒருத்தி வேறு ஊருக்குப் போனாள், ஒருத்திக்கு முட்டியில் அடி. நான் பிளஸ் ஒன் வரை ஆடினேன், கோப்பையும் ஒரு தடவை வாங்கினோம். ஆனால் வாங்கிய அந்த நாள் எனக்குச் சரியாக நினைவில்லை. அந்த வருடம் ஜெயிப்போம் என்று முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.