பேராசிரியர் சாப்பிட்ட ரொட்டி

பட்டப்படிப்பை முதலாம் வகுப்பில் முடித்த கையோடு, படித்த பல்கலைக்கழகத்திலேயே எனக்குத் தற்காலிக உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் அதற்கு முன் யாருக்கும் அப்படி ஒன்று நடந்ததில்லை. கோயிலில் மாலை போட்டார்கள். தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்யும் அப்பா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். கொழுந்து பறிக்கும் அம்மா, மாலையை வாடவிடாமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருந்தார்.

வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மேலே படித்தாக வேண்டும். எங்கள் துறைப் பேராசிரியர் தானாகவே என்னைக் கூப்பிட்டு, தன் மேற்பார்வையில் எம்.ஃபில். எனப்படும் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதியச் சொன்னார். அவரும் மலையகத்துக்காரர்தான். டவுனில் கடை வைத்திருந்த குடும்பம். தோட்டத்து மக்களைப் பற்றியே எழுதிப் பெயரெடுத்தவர். வாயைத் திறந்தால் “நம்ம சனம்” என்பார். அவர் கையில் எப்போதும் எலுமிச்சை வாசம் அடிக்கும். கிருமிநாசினிப் போத்தல் ஒன்று எந்நேரமும் சட்டைப்பையில் இருக்கும். அதை நான் அப்போது சுத்தம் என்று நினைத்தேன்.

நான் பதிவதற்கு முன்பே முதல் வேலை வந்தது. வெளிநாட்டிலிருந்து இரண்டு ஆய்வாளர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், தோட்டம் பார்க்க வந்திருந்தார்கள்.

“வேற எங்கயும் போக வேணாம் தங்கச்சி. உங்க லயத்துக்கே கூட்டிட்டுப் போவோம். நீங்க மொழிபெயர்த்துடுங்க” என்றார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் லயத்து அறைகளில் ஒன்றுதான் எங்கள் வீடு; அங்கே சொல்லியனுப்பினேன். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து இடியப்பம் அவித்து, கோழிக்கறி ஆக்கி, சொதி வைத்து, எல்லாவற்றையும் மூடி வைத்திருந்தார். அப்பா முன்திண்ணையான இஸ்தோப்பின் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். நாங்கள் போய் இறங்கியபோது அம்மா, என் பட்டமளிப்புக்குக் கட்டிய நீலச் சேலையில் வாசலில் நின்றார்.

பேராசிரியர் அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அம்மா, வேலைக்குக் கட்டுற பழைய சேல இருக்கும்ல? அதக் கட்டிட்டு வாங்களேன். இது கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு.”

அம்மா என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்வதற்குள் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தார். கொழுந்துக் கூடையையும் மாட்டச் சொன்னார்கள். வெறுங்கூடை. அதை மாட்டிக்கொண்டு சொந்த வாசலில் அம்மா நிற்க, அவர்கள் படமெடுத்தார்கள். பிறகு பேராசிரியர் எங்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்து, கறுத்த தகரக் கூரையையும், நாங்கள் எல்லோரும் படுக்கும் இடத்தையும், துணி தொங்கும் கொடியையும் ஆங்கிலத்தில் விளக்கினார். என் உள்பாவாடை அந்தக் கொடியில் கிடந்தது. அவர் பேனாவால் அதை ஒதுக்கிவிட்டுக் கூரையைக் காட்டினார்.

எல்லாம் முடிந்ததும் அம்மா, “சாப்பிட்டுப் போங்க சேர்” என்றார்.

“வயிறு சரியில்லம்மா. இன்னொரு நாளைக்கு.”

அந்த வெளிநாட்டுப் பெண் சாப்பிட உட்கார்ந்தார். இங்கேயுள்ள தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்று பேராசிரியர் அவர் காதருகே சொன்னார். அவரும் எழுந்துவிட்டார். மூடிகளை ஒருவரும் திறக்கவில்லை.

வேன் இரண்டு வளைவு இறங்கியதும் ஓரமாக நின்றது. ஹட்டனில் வாங்கி வைத்திருந்த ஃபிரைட் ரைஸ் பார்சல்களைப் பேராசிரியர் எடுத்துப் பிரித்தார். அதற்கு முன் அந்தப் போத்தலை எடுத்து, முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டார். என் அம்மாவின் கையைப் பிடித்து விடைபெற்ற கை அது.

“பாவம் சனங்க. ஆனா அந்தத் தண்ணியக் குடிச்சா நம்ம ரெண்டு நாளைக்குப் படுத்துருவோம்” என்று எனக்கும் ஒரு பார்சலை நீட்டினார்.

அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவளிடம் ‘நம்ம’ என்கிறார். பசிக்கவில்லை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேன் முழுக்கக் கோழிப் பொரியலும் எலுமிச்சையும் கலந்து நாறியது.

துறையில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் இருந்தார். அதே பேராசிரியரின் கீழ் கலாநிதிப் பட்டத்துக்குப் பல வருடங்களாக இழுபட்டுக்கொண்டிருந்தவர். திரும்பி வந்ததும் நடந்ததை அவரிடம் சொன்னேன். பேராசிரியர் குடித்து வைத்த கோப்பையைக் கழுவிக்கொண்டே அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

“என்னோட மொத அத்தியாயம் அவரு பேர்லதான் புத்தகத்துல வந்துச்சு” என்றார். “அன்னைக்கு நல்லா அழுதேன். இப்பல்லாம் அழுகையே வர்றதில்ல. பழகிரும் புள்ள.”

கோப்பையைத் துடைத்து, பிடி வலப்பக்கம் இருக்கும்படி தட்டில் வைத்தார். அப்படி வைத்தால்தான் பேராசிரியருக்குப் பிடிக்குமாம்.

சில மாதங்களில் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் மாநாடு. பேராசிரியர் பேச, நான் கணினி பக்கத்தில் நின்று திரையில் படங்களை மாற்றினேன். என்னென்ன படங்கள் என்று முன்கூட்டி எனக்குக் காட்டவில்லை. ஒன்றை அழுத்தினேன். திரை நிறைய அம்மா நின்றார், பழைய சேலையில், வெறுங்கூடையோடு.

“இந்தத் தாய்” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார் பேராசிரியர், “தனக்கென்று வைத்திருந்த ஒரே ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என் கையில் வைத்தாள். காய்ந்த ரொட்டி. தொட்டுக்கொள்ள வெறும் மிளகாய். அதன் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது.”

சொல்லும்போதே கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நடிப்பு என்றால் கூடப் பொறுத்திருப்பேன். உண்மையாகவே அழுதார். தான் சாப்பிடாத ரொட்டியை நினைத்து ஒரு மனிதருக்குக் கண்ணீர் வருவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முன்வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்தார். சபை கைதட்டியது. அடுத்த படம் என்று அவர் சைகை காட்ட, நான் அழுத்தினேன்.

தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன்.

“சேர், எங்கம்மா அன்னைக்கு ரொட்டி சுடல. இடியப்பம் அவிச்சு, கோழி ஆக்கி வச்சிருந்தாங்க. நீங்க சாப்பிடவே இல்ல.”

அவர் கையில் பாதி கடித்த கட்லட் இருந்தது. முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“அட, இடியப்பமும் கோழியும்னு சொன்னா இவங்க ஏன் தங்கச்சி அழப் போறாங்க? பெரிய உண்மையச் சொல்லணும்னா சின்னதக் கொஞ்சம் சோடிக்கணும். எழுத எழுத நீங்களும் கத்துக்குவீங்க.”

சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார். மாவும் எண்ணெயும் என் சேலையில் ஒட்டின. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தபோது என்னைப் பயமுறுத்தியது அவர் அல்ல. கற்றுக்கொள்வேன் என்று அவர் சொன்னது சரியாகக்கூட இருக்கலாம் என்பதுதான். என் ஆய்வுக்கு நான் தேர்ந்திருந்த தலைப்பே எங்கள் தோட்டம்தான். அடுத்த சில வருடங்களில் என் கையிலும் ஒரு கமரா இருக்கும். யாரிடமாவது பழைய சேலை கட்டி வரச் சொல்வேன்.

இருந்தாலும் உடனே முடிவெடுத்துவிடவில்லை. எனக்குப் படிப்புப் பிடிக்கும். நூலகத்தின் மேல்மாடியில், யாரும் தேடாத பழைய அறிக்கைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மத்தியானங்களைப் போல எனக்கு வேறெதுவும் பிடித்ததில்லை. வேறொரு மேற்பார்வையாளரைக் கேட்டுப் பார்த்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “அவரப் பகைச்சிட்டு இந்த டிபார்ட்மென்ட்ல யாரும் ஒண்ணும் செய்ய ஏலாது” என்றார். பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் அவரைப் பற்றி இன்னும் கேவலமான கதைகள் இரண்டு சொல்லிச் சிரித்தார். அடுத்த நாள் மாநாட்டு உரைக்காகப் பேராசிரியருக்கு வாழ்த்துச் சொன்னவர்களில் அவர்தான் முதல் ஆள். அதற்குமேல் யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. பதியவில்லை என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அப்பா குதித்தார்.

“ஒருத்தரு ஒரு வேள சாப்பிடலன்னு கெம்பஸயே விட்டுட்டு வருவியா? அறிவிருக்கா உனக்கு?”

“பெரிய மனுசங்களுக்கு நம்ம சாப்பாடு ஒத்துக்காதுதானே பாப்பா” என்றார் அம்மா. “அதுல என்னா இருக்கு?”

மாநாட்டில் நடந்ததைச் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிவிட்டுக் கேட்டார்.

“ரொட்டின்னா சொன்னாரு?”

“ஆமா.”

“இடியப்பத் தட்டு நம்மகிட்ட இல்லன்னு மேட்டு லயத்துல கேட்டு வாங்கியாந்தேன்” என்றார். அவ்வளவுதான். என் பக்கம் பேசவில்லை. நான் வேலையை விட்டது தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்.

இப்போது ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். தியாகம் செய்ததாக நினைப்பில்லை. ஆசிரியர் அறையிலும் சில்லறை அசிங்கங்கள் உண்டு. “லெக்சரரா வர வேண்டிய ஆளு” என்று என்னை அறிமுகப்படுத்தும் பாடசாலை அதிபரின் அனுதாபத்தைக் கேட்டால் பல் கூசுகிறது. நூலகத்தின் மேல்மாடி மட்டும் சில மத்தியானங்களில் நினைவுக்கு வந்து வருத்தும்.

போன மாதம் அந்த அக்கா போன் பண்ணினார். கலாநிதிப் பட்டம் கிடைத்துவிட்டது. எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

“இனியாவது சொந்தமா ஏதாவது எழுதுங்கக்கா” என்றேன்.

“எழுதணும். சேரோட அடுத்த புத்தகத்த முடிச்சிட்டு எழுதணும்” என்றார். புதிதாக வந்திருக்கும் உதவி விரிவுரையாளர் நல்ல பிள்ளை என்றும், வலப்பனைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள் என்றும் சொன்னார். அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். அந்தப் பிள்ளையின் லயத்துக்குத்தான் கூட்டிப் போகிறார்களாம்.

“அவகிட்ட முன்னாடியே சொல்லி வைங்கக்கா” என்றேன்.

“என்னத்தச் சொல்றது?” என்று கேட்டார் அக்கா. எரிச்சலோ கிண்டலோ அந்தக் குரலில் இல்லை. உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டார்.